அடிக்கடி வருத்தம் வரும் பிள்ளையும் பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடும்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகனின் உடம்பு நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைத் தானாக உருவாக்காது. பிறவியிலேயே அப்படித்தான். அவன் பிறந்தது 2016இல், கண்டுபிடித்தது 2019இல். இடையில் நிமோனியா என்று நான்கு முறை வாட்டில் மறித்தார்கள். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் எழுதிவைத்துவிட்டேன். நான் டொக்டர் இல்லை, ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. இதை வாசித்துவிட்டு நீங்களாகவே முடிவெடுக்காமல், டொக்டரிடம் என்ன கேட்பது, எதைக் கையில் கொண்டுபோவது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். இது அந்த நோயாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. நல்ல சுகமான சின்னப் பிள்ளைக்கே வருடத்தில் ஆறு தொடக்கம் எட்டுத் தடவை சளிக்காய்ச்சல் வரும். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கும் வருடத்தில் இன்னும் கூடும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மாரியில் வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் அடுத்த கிழமை பாதி வகுப்பு வராது. இது நான் தினமும் பார்ப்பது.

எத்தனை தடவை என்ற எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு தடவையும் எப்படிப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு சளிக்கு நடுவில் பிள்ளை முழுதாகத் தேறி, ஓடி விளையாடி, நிறை கூடுகிறதா? அப்படியென்றால் பயம் குறைவு. பனடோலோடு போக வேண்டியது நிமோனியாவில் போய் முடிகிறதா? அன்ரிபயோற்றிக் பாணி முடிந்த மூன்றாம் நாளே திரும்பத் தொடங்குகிறதா? அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

அப்போ எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்?

இந்தக் குறைபாடுகளுக்காக இயங்கும் அமெரிக்காவின் ஜெஃப்ரி மொடெல் அறக்கட்டளை வெளியிட்ட பத்து எச்சரிக்கை அடையாளங்கள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை காது நோவு, இரண்டு நிமோனியா, இரண்டு கடுமையான பீனிசம். இரண்டு மாதம் அன்ரிபயோற்றிக் கொடுத்தும் பெரிதாகப் பலன் இல்லாமை. ஊசி வழியாக மருந்தேற்றினால் மட்டுமே அடங்கும் கிருமித் தொற்று. தோலின் ஆழத்திலோ ஈரல் போன்ற உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி. ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் தயிர்போல வெள்ளை படிந்து, துடைக்கத் துடைக்க வருவது. இரத்தத்தில் கிருமி, மூளைக்காய்ச்சல் போன்ற ஆழமான தொற்று இரண்டு தடவை. நிறை கூடாமை. குடும்பத்தில் முன்னரே ஒருவருக்கு இருந்தது.

பத்துக்கும் ஒரே பெறுமதி இல்லை. பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது அதிகம் கைகொடுத்தவை மூன்று: குடும்ப வரலாறு, இரத்தத்தில் கிருமி பரவி ஊசி வழியாக மருந்தேற்ற வேண்டி வந்தது, நிறை கூடாமை. காது நோவு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, கிளினிக் கொப்பியில் இருக்கும் நிறைக்கோட்டைப் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்த கோடு எந்த மாதத்தில் படுத்தது?

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன், என் மகனுக்கு வழி திறந்தது அதுதான். நான்காவது தடவை வாட்டில் இருந்தபோது ஓர் இளம் டொக்டர் சின்ன ரோச்சை அடித்து அவன் தொண்டையைப் பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் பார்த்தார். "அம்மா, இவருக்கு ரொன்சில் வெட்டினதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எங்கை அது?" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. அத்தனை தொண்டைத் தொற்று வந்த பிள்ளைக்கு ரொன்சில் வீங்கியிருக்க வேண்டும். இவனுக்கு இருந்த இடமே தெரியவில்லை. எதிர்ப்புப் புரதம் உருவாக்கும் பி அணுக்கள் இல்லாத பிள்ளைக்கு ரொன்சிலும் நிணநீர்க் கணுக்களும் வளராது என்பதை அப்புறம்தான் படித்தேன். அதற்கு முன் எத்தனையோ பேர் அதே தொண்டையைப் பார்த்திருந்தார்கள். சிவப்பைத் தேடினார்கள், இல்லாததைத் தேடவில்லை.

பிறவி நோய் என்றால் பிறந்தவுடன் தெரியாதா?

எதிர்ப்புப் புரதம் இல்லாத வகைக்குத் தெரியாது. கருவில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புப் புரதம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் கடன் ஆறு மாதமளவில் தீரும். என் மகன் ஏழாம் மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான், பார்த்தவர்கள் கண்ணூறு படும் என்று கறுத்தப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். எட்டாம் மாதத்தில் முதலாவது நிமோனியா.

எதிர்ப்பை வழிநடத்தும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களான டி அணுக்களே இல்லாத கடுமையான வகை இன்னும் முன்னதாக, முதல் சில மாதங்களிலேயே காட்டிவிடும்: நிற்காத வயிற்றோட்டம், வாயில் வெள்ளை, மூச்சிரைப்பு, நிறை கூடாமை. அமெரிக்காவில் இதற்குப் பிறந்தவுடனேயே குதியில் குத்திய ஒரு சொட்டு இரத்தத்தில் சோதனை செய்கிறார்கள். 2008இல் விஸ்கொன்சினில் தொடங்கி 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. இங்கே குதியில் எடுக்கும் இரத்தம் தைரொயிட் குறைபாட்டுக்கானது. "பிறந்தபோதே இரத்தம் சோதித்தாயிற்று" என்று ஆறுதல்பட வேண்டாம்.

துடக்குக் கழிவு வந்துவிட்டது, தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. பரவாயில்லையா?

31ஆம் நாள்வரை பொறுத்திருக்கவே வேண்டியதில்லை. சாதாரணமாக ஒன்று, இரண்டு கிழமைக்குள் விழுந்துவிடும். மூன்று, நான்கு கிழமை தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் அடி சிவந்து நீர் கசிந்தால், டொக்டரிடம் காட்டுங்கள். வெள்ளை அணுக்களால் இரத்தக்குழாயை விட்டுத் தொற்று இருக்கும் இடத்துக்கு வெளியேற முடியாத ஓர் அரிய குறைபாட்டின் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம். கொடி பிந்தி விழுந்த எல்லாப் பிள்ளைக்கும் அது இல்லை.

எஃப்.பி.சி (இரத்த அணுக்களை எண்ணும் சோதனை) எடுத்தோம், எல்லாம் நோர்மல் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன?

டெங்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் எஃப்.பி.சி துண்டு வாசிக்கத் தெரியாத வீடு இல்லை. எல்லோருடைய கண்ணும் நேராகப் பிளேற்லெட்டுக்குப் போகும். குழந்தை விஷயத்தில் அதற்கு மேலே இருக்கும் ஒரு வரியையும் பாருங்கள்: லிம்போசைட். வெள்ளை அணுக்களில் ஒரு வகை அது.

துண்டில் அது வீதமாக இருக்கும். மொத்த வெள்ளை அணுக்களோடு பெருக்கி நூறால் பிரித்தால் உண்மையான எண்ணிக்கை வரும். மொத்தம் 6,000, லிம்போசைட் 20% என்றால் 1,200. வளர்ந்த ஒருவருக்கு அது போதும். மூன்று மாதக் குழந்தைக்கு அது மிகக் குறைவு. முதல் வருடத்தில் 3,000க்குக் கீழே இருந்தாலே டொக்டர்கள் திரும்ப எடுத்துப் பார்க்க விரும்புவார்கள். சிக்கல் எங்கே என்றால், சில ஆய்வுகூடங்களின் துண்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் "சாதாரண அளவு" பெரியவர்களுக்கானது. அதனால் இயந்திரம் நட்சத்திரக் குறி போடாது. குறி இல்லாததால் ஒருவரும் பார்ப்பதில்லை. காய்ச்சல் நேரத்தில் லிம்போசைட் தற்காலிகமாகக் குறைவதும் உண்டு என்பதால், சுகமான பிறகு ஒருமுறை எடுத்து ஒப்பிட வேண்டும்.

இன்னொரு பக்கம்: என் மகனின் எஃப்.பி.சி உண்மையிலேயே நோர்மல். அவனுடைய குறை அந்தத் துண்டில் தெரியாத குறை. எதிர்ப்புப் புரதங்களை, அதாவது ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.ஏ, ஐ.ஜி.எம் மூன்றையும் தனியாக அளக்க வேண்டும்.

பிளேற்லெட் குறைந்தபடியே இருக்கிறது. டெங்கு இல்லை என்கிறார்கள்.

டெங்குவில் விழுந்த பிளேற்லெட் ஒரு கிழமை, பத்து நாளில் ஏறிவிடும். ஆண்பிள்ளைக்கு மாதக்கணக்கில் குறைந்தே இருந்து, கூடவே கரப்பன், காதால் சீழ் வடிதல், மலத்தில் இரத்தம் என்றிருந்தால் விஸ்கொட் ஓல்ட்ரிச் என்ற பிறவிக் குறைபாட்டை நினைக்க வேண்டும். அதில் பிளேற்லெட்டுகள் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, உருவத்திலும் சிறியவை. துண்டில் எம்.பி.வி என்று பிளேற்லெட்டின் சராசரிப் பருமனைக் காட்டும் ஒரு எண் இருக்கும், அதையும் காட்டிக் கேளுங்கள்.

பி.சி.ஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்தில் சீழ். இது அதன் அடையாளமா?

தோளில் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாவது வழமை. ஆறாம் மாதத்தில் அந்தத் தழும்பு இருக்கிறதா என்றுதான் கிளினிக்கில் பார்க்கிறார்கள். அக்குளில் ஒரு சின்ன நெறி கட்டுவதும் சுகமான பிள்ளைகளுக்கு வருவதுதான். புண் ஆறாமல் விரிவது, அக்குள் நெறி பெருத்து உடைந்து வடிந்துகொண்டே இருப்பது, கூடவே காய்ச்சல், நிறை இறக்கம் என்றால் உடனே காட்டுங்கள். பி.சி.ஜி உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. டி அணுக்கள் இல்லாத பிள்ளைக்கோ, விழுங்கிய கிருமியைக் கொல்ல முடியாத வெள்ளை அணுக்களோடு பிறந்த பிள்ளைக்கோ அதுவே நோயாகலாம்.

இங்கே பி.சி.ஜியை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடுவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். ஆகவே குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால், இறந்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லி எழுதுவிக்க வேண்டும். பெற்றபின் யோசித்தால் நேரம் போதாது. வாயில் விடும் போலியோச் சொட்டு, ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர், பன்னிரண்டாம் மாத ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஆகியவையும் உயிருள்ள வகை. எந்தக் குறைபாட்டுக்கு எது கூடாது என்பது வகைக்கு வகை மாறும், டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

சந்தேகம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு ஊசியையும் தவறவிட வேண்டாம். இதை வாசித்துவிட்டு யாராவது தடுப்பூசியைப் பிற்போட்டால் எனக்குத்தான் பாவம். சுற்றியிருக்கும் பிள்ளைகள் சின்னமுத்து (தட்டம்மை) ஊசி போட்டிருப்பதுதான் என் மகன் போன்றவர்களுக்கு வேலி.

சொந்தத்துக்குள் கலியாணம் கட்டியதாலா வந்தது?

சிலவற்றில் அதற்குப் பங்கு உண்டு. இதுவரை அறியப்பட்ட பிறவி எதிர்ப்புக் குறைபாடுகள் 500ஐத் தாண்டிவிட்டன, ஒவ்வொன்றும் கடத்தப்படும் விதம் வேறு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டும் வெளிப்படும் வகைகளில், மச்சானும் மச்சாளும் கட்டினால் வாய்ப்புக் கூடும். நேரடி மச்சான், மச்சாளுக்குள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. இருவரும் காவிகள் (தாங்கள் சுகமாக இருந்துகொண்டே பழுதான மரபணுவைக் கொண்டிருப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

என் மகனுடைய வகை தாய் வழியாக வருவது, மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாய் சுகமாக இருப்பார், ஆனால் ஆண்பிள்ளை ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு, பெண்பிள்ளை காவியாவதற்கும் இரண்டில் ஒன்று. என் கணவர் அளவெட்டி, நான் கரவெட்டி, ஏழு தலைமுறைக்குச் சொந்தம் இல்லை. ஆனால் "ஊருக்குள்ளை கட்டினதாலைதான்" என்று சொன்ன ஆட்களும் இருந்தார்கள். புதிதாக ஒரு பிள்ளையிலேயே மாற்றம் தொடங்குவதும் நிறைய.

குடும்ப வரலாறு என்றால் என்ன கேட்பது? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லையே.

நானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். "இல்லை" என்று.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுதும் நடந்து தென்மராட்சிக்குப் போனது. எனக்கு அப்போது ஏழு வயது, கொக்குவிலில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் இடுப்பில் தம்பி. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பமாக இருந்தபோது அவனுக்கு நெஞ்சுச்சளி, அப்புறம் வன்னியில் திரும்பவும். ஒரு வயது முடியவில்லை. அந்த வருடத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பிள்ளைகள் போனார்கள். மழை, பசி, மருந்தில்லை, யார் காரணம் கேட்டது? இடப்பெயர்வில் செத்தவன் என்றே அவன் எங்கள் வீட்டில் இருந்தான். நோயால் செத்தவன் என்று ஒருநாளும் இருக்கவில்லை.

மகனின் சோதனை முடிவு வந்த பிறகுதான் அம்மம்மாவிடம் கேட்டேன். அம்மம்மா விரல் மடித்தார். தம்பிக்கு முன், அம்மாவின் அண்ணா ஒருவர், ஒன்றரை வயது, "ஓயாத காது வருத்தக்காரன்". அம்மம்மாவின் சின்னத்தம்பி ஒருவர். எல்லாம் ஆண்பிள்ளை, எல்லாம் தாய் வழி.

ஆகவே "நோய் இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். பிறந்து, இரண்டு மூன்று வயதுக்குள் தவறிய பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள். ஆணா பெண்ணா, எத்தனை மாதம், கடைசியில் என்ன செய்தது? அம்மாவின் சகோதரங்கள், அம்மம்மாவின் சகோதரங்கள் வரை போங்கள். கனடாவில், லண்டனில் இருக்கும் பெரியம்மாமாருக்கும் ஒரு அழைப்பு எடுங்கள், அங்கே பிறந்த பிள்ளைக்கு ஏதும் பெயர் சொல்லியிருப்பார்கள். இந்தக் கதைகளைக் கிளறினால் வீட்டில் அழுகை வரும். பொறுமையாக, இரண்டு மூன்று தடவையாகக் கேளுங்கள்.

எயிட்ஸா இது? ஒட்டுமா?

இல்லை, ஒட்டாது. பெயரில்தான் ஒற்றுமை. எச்.ஐ.வி சோதனையும் எழுதுவார்கள், இரண்டையும் பிரித்தறிய அது வேண்டும், கோபிக்காதீர்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பாணி, கற்பூரவள்ளி, சத்துமா?

சாப்பிடட்டும். மரபணுவில் இல்லாததை மா கொண்டுவராது.

எங்கே காட்டுவது, எதைக் கொண்டுபோவது?

பிள்ளை வைத்திய நிபுணரிடம், யாழ் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் உண்டு. ஐயம் வலுத்தால் இரத்தம் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவுக்குப் போகும். சில சோதனைகளுக்கு இரத்த அணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 400 கிலோமீற்றர். அதனால் பிள்ளையையே கூட்டிப்போகச் சொல்லலாம்.

கொண்டுபோவதுதான் முக்கியம். நாங்கள் ஒரு காய்ச்சலுக்கு ஒரு டொக்டர், அடுத்ததற்கு இன்னொரு டொக்டர் என்று போனோம். ஒவ்வொருவரும் தங்கள் முன்னால் இருந்த காய்ச்சலைச் சரியாகவே மாற்றினார்கள். எல்லாக் காய்ச்சலையும் சேர்த்து ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒன்றாக இருந்தது என் தலைக்குள் மட்டும். நான்காவது தடவை வாட்டில், பழைய பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்த துண்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பித் திகதி வரிசைப்படி அடுக்கினேன். வாட்டில் இருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் காட் நான்கு, எக்ஸ்ரே மூன்று, மருந்துத் துண்டுகள் இருபதுக்கு மேல். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய டொக்டர் ஐ.ஜி.ஜி எழுதினார்.

இரத்தமோ ஐ.வி.ஐ.ஜியோ (நாளத்தில் ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றினால், அதிலிருக்கும் மற்றவர்களின் எதிர்ப்புப் புரதமும் கணக்கில் சேர்ந்துவிடும். முடிந்தால் அதற்கு முன் இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறதா?

வகையைப் பொறுத்தது. 1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் ஒக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப இரத்தத்தில் கிருமி வந்த எட்டு வயதுப் பையன் ஒருவனின் இரத்தத்தில் காமா குளோபுலின், அதாவது எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய பகுதி, இல்லை என்று கண்டு, அதையே ஊசியாக மாதாமாதம் கொடுத்தார். அதே மருந்தின் தூய்மையான வடிவம்தான் இன்று என் மகனுக்கு. குற்றவாளி மரபணுவைக் கண்டுபிடிக்க 1993 ஆனது.

மூன்று, நான்கு கிழமைக்கு ஒருதடவை, கிலோவுக்கு 400 தொடக்கம் 600 மில்லிகிராம். அவன் 24 கிலோ, 10 கிராம் ஏறுகிறது. குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்த போத்தலை முதலில் அறைச் சூட்டுக்கு வரவிடுவார்கள். தெளிவாக, இலேசான மஞ்சள். குலுக்கினால் நுரைக்கும், அதனால் மிஸ்ஸி (தாதி) மெதுவாகக் கவிழ்ப்பார். முதல் அரை மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக, கால் மணிக்கு ஒருமுறை சூடு பார்த்து, அப்புறம் வேகம் கூட்டுவார்கள். நான்கு மணித்தியாலம். ஒரு தொகுதி மருந்து செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த பிளாஸ்மா வேண்டும், ஆகவே விலையும் அதிகம், தட்டுப்பாடும் வரும். அடுத்த திகதிக்கு மருந்து இருக்கிறதா என்று பத்து நாளுக்கு முன்பே கேட்பது என் பழக்கம்.

டி அணுக்கள் இல்லாத வகைக்கு இது போதாது, எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். 1968இலேயே முதல் வெற்றி கிடைத்த மருத்துவம் அது. பெரிய தொற்றுகள் வருவதற்கு முன், முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். அதனால்தான் இந்த வகையில் நாள் எண்ண வேண்டியிருக்கிறது.

வீட்டில் என்ன கவனம்?

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்குப் போலியோச் சொட்டா, ஊசியா என்று முன்பே கேட்க வேண்டும், சொட்டுக் குடித்த குழந்தையின் மலத்தில் சில கிழமை அந்தக் கிருமி வெளியேறும். வெள்ளை அணுக்களால் கிருமியைக் கொல்ல முடியாத வகைப் பிள்ளையை, உக்கிய இலைகுழை, எருக்கும்பி, மழையில் நனைந்த பழைய கிடுகு, வைக்கோல் பக்கம் விடவே கூடாது. பூஞ்சணத் தூசு நுரையீரலுக்குப் போய்விடும். வேலி அடைக்கும் நாட்களில் பிள்ளையை அயலில் விட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் இது தெரியவருமா?

வரும். இருபது, முப்பது வயதுக்குப் பிறகு வெளிப்படும் ஒரு வகை இருக்கிறது. வருடக்கணக்காகச் சளி, சைனஸ் என்று குளிசை போட்டு, நுரையீரல் குழாய்கள் தளர்ந்து விரிந்த பிறகு சிலருக்கு ஐ.ஜி.ஜி பார்க்கிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு இரண்டாம் நிமோனியா வந்தாலே அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடம்?

போகிறான். மருந்தேற்றும் நாளுக்கு மட்டும் லீவுக் கடிதம். வகுப்பில் யாருக்காவது கொப்பளிப்பான், சின்னமுத்து என்றால் அன்றைக்கே எனக்குச் சொல்லும்படி வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். குறைபாட்டின் வகையைப் பொறுத்து, பட்ட சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலிக்கும் மருந்துகள் இருக்கின்றன. போன தவணையில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். பக்கத்து வாங்குப் பிள்ளைக்குக் கொப்பளம். விடிய ஏழு மணிக்கு பிஸ்கட் ரின்னோடு கிளினிக்கில் நின்றோம். கடைசி மருந்தேற்றிப் பன்னிரண்டு நாள்தான் என்று பார்த்துவிட்டு, அந்தப் புரதம் இன்னும் காக்கும், வேறொன்றும் வேண்டாம், காய்ச்சல் வந்தால் வாருங்கள் என்று அனுப்பினார்கள்.